ஜும்ஆ நேர வியாபாரம்

பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஜெமீலின் உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது. மனசு கல்முனை பஸாரில், தினேஸின் போன் கடை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தாலே அவருக்கு இந்த வயிற்றெரிச்சல்தான். பன்னிரண்டு மணிக்கு அவர் தன் போன் கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டும். பக்கத்துக் கடைத் தினேஸுக்கு ஜும்ஆத் தொழுகை கிடையாது. ஒன்றரை மணி வரைக்கும் வருகிற ஆளெல்லாம் அவனுக்குத்தான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களிலும் இப்போது சனம் தினேஸிடம்தான் போகிறது. சம்சுங்கும் அப்பிளும் உலகத்தில் முதலிடத்துக்கு முட்டிக்கொள்வதையும், சியோமி பின்னாலேயே துரத்துவதையும், விவோவும் ஒப்போவும் இடம் மாறுவதையும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிக்கிறவர் ஜெமீல். அப்படிப்பட்டவர், இரண்டே இரண்டு போன் கடை இருக்கிற தெருவில் இரண்டாவதாகிவிட்டார்.

இரண்டு கடைக்கும் போன் பெட்டி வருவது ஒரே கொழும்பு ஏஜென்ட்டிடமிருந்து. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெமீலின் மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு இந்தக் கடையை நம்பி அரைச் சுவரில் நிற்கிறது. வீடு முடியாமல் கலியாணப் பேச்சை எடுக்க முடியாது.

யோசித்து யோசித்து, தினேஸ் தன்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லித்தான் ஆளைப் பிடிக்கிறான் என்று முடிவு கட்டினார். அப்படி நினைக்க அவருக்குக் கஷ்டமே இல்லை, அவரே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தினேஸிடம் விலை கேட்டுவிட்டு யாராவது வந்தால், "பெட்டி கொரியாதான். உள்ளுக்குக் கிடக்கிறது எந்த ஊரோ, அல்லாஹ்தான் அறிவான்" என்பார். அது பொய் என்று அவருக்கே தெரியும்.

தினேஸைக் கையும் களவுமாகப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மனைவியின் தங்கை றம்ஸியா அகப்பட்டாள். நிந்தவூரில் இருக்கிறவள், தினேஸ் அவளைக் கண்டதில்லை. கணவர் கட்டாரிலிருந்து காசு அனுப்பியிருந்ததால் போன் வாங்கவும் இருந்தாள். மச்சான் ஜெமீலின் கடையில்தான் வாங்குவது என்று பேச்சு.

ஜும்ஆ நேரத்தில் அவள் தினேஸிடம் போக வேண்டும், பக்கத்துக் கடை பூட்டிக் கிடக்கிறதே, அது எப்படிப்பட்ட கடை என்று ஒன்றும் தெரியாதவள் போல விசாரிக்க வேண்டும், அவன் சொல்வதை ஒரு சொல் விடாமல் வந்து சொல்ல வேண்டும். இதுதான் திட்டம். கடைக்காரர் கூட்டத்தில் வைத்து அவன் மானத்தை வாங்குகிறேன் என்று ஜெமீல் கறுவிக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு செருப்பைத் தேடி ஓடினார். றம்ஸியா அவருடைய கடை வாசலில் காத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, என்னப் பத்திக் கதைச்சானா?"

"ஓம் மச்சான். கதைச்சார்."

அந்த 'கதைச்சார்' என்ற மரியாதை ஜெமீலுக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் ஆள் மாட்டிக்கொண்டானே என்று சந்தோசமாக இருந்தது.

றம்ஸியா ஒன்றுவிடாமல் சொன்னாள். போனதும் தினேஸ் கதிரை போட்டு இருக்கச் சொன்னாராம். அவள் கேட்ட சம்சுங்கில் தன்னிடம் கறுப்பு மட்டும்தான் இருக்கிறது, நிறம் பார்த்து எடுப்பதென்றால் ஜெமீல் நானாவிடம் எடுங்கள், ஜும்ஆ முடிந்து ஒன்றரைக்கு வந்துவிடுவார், அதுவரை இங்கேயே ஃபேனுக்குக் கீழே இருங்கள் என்றாராம். அந்தக் கடையை நம்பலாமா என்று இவள் கொக்கி போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"'பதினாறு வருசக் கடை தங்கச்சி. பழுதெண்டு கொண்டுபோனா முகம் சுழிக்காமப் பார்த்துத் தருவார்' எண்டார்."

ஜெமீல் சாவியை எடுத்து ஷட்டர் பூட்டைத் திறந்தார். நியாயமாகப் பார்த்தால் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பொறாமைதான் இன்னும் கூடியது. வியாபாரமும் அவனுக்கு, நல்ல பேரும் அவனுக்கா?

"சும்மா வேசம் போடுறான்" என்றபடி ஷட்டரைத் தூக்கினார். "உள்ளுக்கு வா புள்ள. உனக்கு நீலந்தானே விருப்பம்? எடுத்துத் தாறன்."

றம்ஸியா உள்ளே வரவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். தினேஸ் கடை ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருந்தது.

"நான் கறுப்பையே எடுத்திட்டன் மச்சான், கோவிக்காதீங்க. போட்டிக் கடைக்காரனப் பத்தியே பொய் சொல்லாத மனிசன், போனப் பத்தியா பொய் சொல்லப் போறார்?"