முப்பத்தொரு பேர் தந்த முகம்

ரெஜினாவுக்கு அறுபத்தெட்டு வயதாகியும் தன் தகப்பன் யாரென்று தெரியாது. கைக்குழந்தையாக அநாதை இல்லத்து வாசலில் கிடந்தவள் அவள். மகள் ஜெசிந்தாதான் அம்மாவின் எச்சிலை மரபணு நிலையத்துக்கு அனுப்பினாள். எங்கெங்கோ இருந்த முப்பத்தொரு பேருடைய மரபணு அவளுடையதோடு ஒத்துப்போனது. அந்த உறவினர்களை வைத்து நிலையம் அவள் தகப்பனைக் கண்டுபிடித்தது. இறந்துபோயிருந்த அவர் முகத்தையும் உயிரோடு இருப்பதுபோல் உருவாக்கி, வீட்டுச் சுவர்த்திரைக்கு அனுப்பியது.

செவ்வாய்க்கிழமை காலையில் அது வந்தது. மெலிந்த முகம். இமைத்தது. எதிரே நிற்பவரைக் கண்களால் தொடர்ந்தது. கீழே ஞானமுத்து என்று பெயர் இருந்தது.

"அப்படியே ஒன் மூக்கும்மா," என்றாள் ஜெசிந்தா.

ரெஜினா திரைக்கு அருகில் போய்ப் பார்த்தாள்.

"இது எங்க இல்லத்து வாட்ச்மேன்ட்டி."

"என்னம்மா சொல்லுத?"

"நான் ஸ்கூலுக்குப் போகும்போதும் வரும்போதும் என்னையே பாத்துட்டு நிப்பாரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. ஒன்பது வயசுல எனக்குப் பயம் வந்துட்டு. அந்த ஆளு ஒரு மாதிரி பாக்காருன்னு சிஸ்டர்ட்ட சொன்னேன். அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. சைக்கிள்ல பெட்டியக் கட்டிட்டு, திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனாரு. நான் ஜன்னலைச் சாத்திட்டேன்."

ரெஜினா சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். திரையிலிருந்த கண்களும் அவளோடு நகர்ந்தன.

"அணைச்சிரட்டாம்மா?"

"வேண்டாம்ட்டி." ரெஜினா திரும்பி வந்து அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். "பாக்கட்டும்."