ஆய்வு நாள் சோப்பு

ஆலையில் தைக்கும் துண்டுகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர்கள் போன கார் கிளப்பிய தூசி இன்னும் அடங்கவில்லை. அதற்குள் சூப்பர்வைசர் அட்டைப்பெட்டியும் கையுமாக ஆலைக் கழிவறைக்குள் நுழைந்து சோப்புகளைப் பொறுக்குகிறார். கை கழுவும் தொட்டியருகே தையல்காரி ஒருத்தி நிற்கிறாள். முழங்கை வரை நுரை. காலையில் ஊற்றிய பினாயில் வாடைக்கு அடியிலிருந்து பழைய மூத்திர நாற்றம் மெல்லத் தலைதூக்குகிறது. அவள் கையிலிருக்கும் சோப்பையும் அவர் பிடுங்கி, அதில் ஒட்டிய முடியை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, கால்சட்டையில் துடைத்துப் பெட்டிக்குள் போடுகிறார். அடுத்த ஆய்வுக்கு வேண்டுமே. குழாய் கொர்ரென்று இருமி நின்றுபோகிறது.

"அண்ணே, நுரை போகலையே. தண்ணிய நிறுத்திட்டாங்களா?"

"அதான் அவங்க போயிட்டாங்கல்ல? இனி எதுக்கு? போம்மா, லோடு நிக்குது."

"துடைக்கவாவது ஏதாச்சும்..."

"உன் துணியிலயே துடைச்சுக்க."

சுவரிலிருக்கும் 'உங்கள் நாட்டின் வளர்ச்சியில் நாங்கள்' என்ற அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் போஸ்டரையும் உரித்துச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார்.

நுரை காய்ந்து தோல் இழுக்க, அவள் தன் மெஷினுக்கு வருகிறாள். பக்கத்தில் மலையாகக் குவிந்திருக்கின்றன அவள் ஓரம் தைத்த ஏற்றுமதித் துண்டுகள், பூப்போல வெள்ளையாக. இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட அவள் முகத்தில் ஒற்றிப் பார்த்ததில்லை. சுற்றுமுற்றும் பார்க்கிறாள். மேலே கிடப்பதை உருவிக் கையைத் துடைக்கிறாள், கழுத்தைத் துடைக்கிறாள், கடைசியில் மூக்கையும் நன்றாகச் சிந்துகிறாள். பிறகு ஈரம் உள்ளே போகும்படி நாலாக மடித்து, லேபிள் மேலே தெரிய, ஏற்றுமதிப் பெட்டியில் பதவிசாக அடுக்குகிறாள்.