பேச ஓர் ஆள்

ஸ்கேன் முடிவைக் கைப்பையில் திணித்துவிட்டு, அலுவலக ஃபோனிலிருந்து புற்றுநோய் மீண்டோர் சங்கத்தை அழைத்தேன். எடுத்தது ஒரு புதுப் பெண்குரல்.

"என் பேரெல்லாம் வேண்டாம்மா. ஆறு வருஷம் நல்லா இருந்தேன். இப்போ திரும்ப வந்துடுச்சு. ஈரல் வரைக்கும்."

"ஐயோ! வீட்ல சொல்லிட்டீங்களா?"

"யாருக்கும் சொல்லலை. திரும்ப வந்தும் பிழைச்சவங்க யாராவது இருந்தா, அவங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும்."

அவள் நோட்டுப் புத்தகத்தை வெகுநேரம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்படி மூணு பேர் இருந்தாங்கம்மா. இப்போ..."

"புரியுது."

"ஆனா ஒரு அக்கா இருக்காங்க. ஆறு வருஷமா ஒரு குறையும் இல்லை. எழவு வீட்டையே சிரிக்க வெச்சிடுவாங்களாம்! இங்கே நாப்பது பேர் அவங்களைப் பார்த்துத்தான் தைரியமா நடமாடறாங்க. நான் சொல்லி வைக்கிறேன், நம்பர் எழுதிக்குங்க."

பத்து எண்களையும் நிதானமாகச் சொன்னாள். நான் எழுதவில்லை.

ரிசீவரை வைத்த மறுநிமிடம், என் செல்லுக்குச் சங்கத்திலிருந்து செய்தி வந்தது.

'அக்கா, ஒரு அம்மா கூப்பிடுவாங்க. ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க. வழக்கம்போல உங்க கதையைச் சொல்லித் தேத்துங்க.'

'சரிம்மா' என்று பதில் அனுப்பினேன்.