ஞாயிற்றுக்கிழமைப் பதில்

உப்பு மூட்டை சுமந்த தோள் விண்விண்ணென்று தெறித்தது. வயிறு காலையிலிருந்து காய்ந்து கிடந்தது. இசக்கிமுத்து வீட்டு வாசலில் வந்து நின்றான். யார், எங்கிருந்து, என்ன வேண்டும் என்று கோரிக்கையின் தலைப்பு வரிகளை அவனுடைய கைப்பேசி வழக்கம்போல, கேட்டுப் பதில் சொல்லும் கணினிப் பூட்டுக் கதவுக்கு அனுப்பியது.

"தொறக்க முடியாது. ஒங்க அக்கா வீட்டுக்குப் போங்க" என்றது கதவு, மனைவி சந்தனமாரியின் குரலில். ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் அவள் சொன்ன பதில் அது. அதைக் கதவில் பதித்து, பத்து நாளைக்குச் செல்லும் என்று அதன் தலைப்பில் போட்டிருந்தாள்.

ஜன்னலில் அவளே எட்டிப் பார்த்தாள். "கோவத்துல போட்டுட்டேங்க. இப்ப நான் சொன்னாலும் தொறக்க மாட்டேங்கு. நீங்களே புதுசாக் கேட்டுப் பாருங்க."

பாவம் பார்த்து, கம்பிக்கு நடுவே சோற்றை உருட்டி அவன் வாயில் வைத்தாள். மென்றுகொண்டே அவன் கைப்பேசியில், தன் கோரிக்கையின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தான்: ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஏதாவது மாறியிருந்தால் புதுப் பதில் தரவும்.

கதவு சரிபார்த்துச் சொன்னது: "மாற்றமில்லை."

"ஏளா, என்ன மாற்றமில்லை? நீ சோறு ஊட்டுத, நான் திங்கேன். இதுக்கு மேல என்ன மாறணுமாம்?"

அடுத்த உருண்டையோடு சந்தனமாரியின் கை கம்பியிலேயே நின்றது.

"அது சரியாத்தான சொல்லுது? எங்கம்மா வச்ச கொழம்ப அன்னைக்கு நாலு பேரு முன்னால மாட்டுக்கு ஊத்துத காடித்தண்ணின்னீங்க. அதுக்கப்புறம் அவகிட்ட என்ன சொன்னீங்க?"

இசக்கிமுத்து வாயைத் திறந்தான். உருண்டைக்காகத்தான்.

அவள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு பூட்டியே கிடந்தது. மாமியாரிடம் அவன் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.