பல்லியே சொன்ன வீடு

பஜார் நடுவில், மூன்றாம் மாடியில், விலைக்கு வந்த ஒரு காலி வீடு. அதில் பூச்சி கிடைக்காமல் இளைத்துப்போன இரண்டு பல்லிகள் குடியிருந்தன. ஒருநாள் புரோக்கர் ஒரு கணவன் மனைவியை அழைத்துவந்தார்.

"கோயில், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடக்கிற தூரம் சார்."

ஆண்பல்லிக்குப் பொறுக்கவில்லை. "நடக்க வழி எங்கய்யா இருக்கு? தெருவுல இறங்கிப் பாருங்க!" என்று கத்தியது.

மனிதர் காதில் அது 'ட்ச், ட்ச்' என்றுதான் விழுந்தது. அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "என்னங்க, பல்லி சொல்லுது!"

"சத்தம் இருக்குமோ?" என்று கணவர் இழுத்தார்.

"சத்தமா? குண்டூசி விழுந்தா கேட்கும் சார்."

"பொய்! விடியறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர் அலறும்! பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் உங்க படுக்கையில கேட்கும்!"

'ட்ச், ட்ச், ட்ச்.'

"பாருங்க, மறுபடியும் சொல்லுது. இதுதாங்க நம்ம வீடு."

அங்கேயே அட்வான்ஸ் கைமாறியது.

தொண்டை கட்டிப்போன ஆண்பல்லி பெண்பல்லியிடம் அலுத்துக்கொண்டது. "இவ்வளவு சொல்லியும் வாங்குறாங்களே! நீயும் கூடச் சேர்ந்து கத்தியிருக்கலாம்ல?"

"நீங்க கத்தினதே போதும்," என்ற பெண்பல்லி, டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. "ஆள் வந்தா லைட் எரியும். லைட் எரிஞ்சா பூச்சி வரும்."