முப்பது நாள் பட்டியல்

மாலை மணி ஆறு ஆவதற்குள் வாத்தியார் சமையலறையை மூன்று முறை துடைத்துவிட்டார்.

துடைக்க ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜுக்கு முன்னால் சும்மா நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். அதில் மூன்று வரிகள். மூன்றாவது வரி மனைவியின் கையெழுத்து. அதை எழுதி இன்றோடு முப்பது நாள்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. அலுவலகம் அலுவலகமாகப் போய், சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பணத்தை எப்படிக் கட்டிக் காப்பது என்று வகுப்பெடுக்கிறவர். சிக்கன வாத்தியார் என்று பெயரே நிலைத்துவிட்டது. வருகிறவர்களின் கிரெடிட் கார்டை வெட்டுவதற்கென்றே பையில் ஒரு கத்தரிக்கோல் வைத்திருப்பார்.

அவர் வகுப்பில் கைதட்டல் வாங்குவது முப்பது நாள் பட்டியல்தான். எதற்கு ஆசைப்பட்டாலும் உடனே வாங்கக்கூடாது. எழுதி, தேதி போட்டு வைக்க வேண்டும். முப்பது நாளைக்கு வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. கெஞ்சலும் கூடாது, தடுக்கவும் கூடாது. முப்பதாம் நாள் ஒரே ஒரு கேள்வி: இன்னும் வேண்டுமா?

பத்தில் ஒன்பது ஆசை அதற்குள் தானாக ஆறிப்போகும் என்பார். ஊருக்குச் சொன்னது வீட்டுக்கும் சட்டம்.

முதல் வரி அவருடையது. எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற மெஷின். ஒன்பதாம் நாளே வெட்கப்பட்டு அடித்துவிட்டார். இரண்டாவது அவளுடைய நடைப்பயிற்சி ஷூ. முப்பது நாள் தாண்டியும் ஆசை போகவில்லை. வாங்கியாயிற்று.

மூன்றாவதுதான் சிக்கல்.

தப்பு அவர் பேரில்தான். நண்பர் ஒருவர் வண்ண மீன் பண்ணை வைத்தார். வாத்தியார் வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கி அதில் போட்டார், ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை. மீன்கள் மிதந்தன. பணம் மூழ்கியது.

கடன் நோட்டீஸ் வீட்டுக்கு வந்த நேரத்தில் அவர் எங்கோ, கணவன் மனைவிக்குள் கணக்கில் ஒளிவுமறைவு கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க ஊராரைக் குட்டி எழுத்து படிக்கவைக்கிறவளுக்கு நோட்டீஸின் பொடி எழுத்து எம்மாத்திரம்? வட்டி, அபராத வட்டி, கெடு என்று ஒன்றுவிடாமல் படித்துவிட்டாள்.

அவள் சத்தம் போடவில்லை. ஒரு தட்டுகூட உடையவில்லை. அவர் வந்து செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, அவர் கண் எதிரிலேயே மூன்றாவது வரியை எழுதி, தேதி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு வாத்தியார் வாய்க்கு விழுந்தது பூட்டு. தான் போட்ட சட்டம் தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. கடன் தவணையோடு இந்தச் செலவும் மாதாமாதம் சேர்ந்தால் தாங்காதே என்று விரல்விட்டு எண்ணி, உள்ளுக்குள்ளேயே புழுங்கினார்.

வாய் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. பாத்திரம் கழுவினார். காரை விற்றுவிட்டு பஸ்ஸில் போனார். கடன் காகிதங்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்தார், அவளுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கக்கூடிய இன்னொரு குட்டிக் கடனையும் சேர்த்து. அவள் அதையும் படித்தாள்.

இருபத்திரண்டாம் நாள், அவளுடைய கடைச் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று காலரில் ஓட்டை போட்டார். அவள் சிரித்துவிட்டாள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு மனிதர் எட்டு நாள் ஓட்டினார்.

வாசல் கதவு திறந்தது.

அவள் கைப்பையை வைத்தாள். முகம் கழுவினாள். நேராக ஃபிரிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றாள். இன்று முப்பதாம் நாள் என்பதை அவளும் மறக்கவில்லை.

இருநூறு பேருக்கு முன்னால் மைக் இல்லாமல் முழங்குகிறவர் அவர். அந்த ஒரே கேள்வியை முணுமுணுப்பாகக் கேட்டார்.

“வேணும்.”

வாத்தியாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஏன்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று இருந்தது.

அவள் பேனாவைத் தேடி எடுத்தாள். மூன்றாவது வரியின் கடைசி இரண்டு சொற்களை மட்டும் நிதானமாக அடித்தாள்.

“இப்போ குடுக்கிற வாடகையில பாதிதான் ஆகும். மிச்சத்தை உங்க மீன் கடனுக்குக் கட்டிடலாம். பாத்திரம் கழுவுற ஆள் மட்டும் மாறக்கூடாது.”

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தார்.

ஒற்றை அறை வீடு, வாடகைக்கு.

அடித்த கோட்டுக்குக் கீழே ‘எனக்கு மட்டும்’ என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.