தொடைச் சதை

சாலை விபத்தில் தோள் நரம்புகள் அறுந்து, கபடி ஆடும் செங்கமலத்தின் வலக்கை துவண்டு தொங்கியது. மருத்துவர்கள் அவள் தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்து மேல்கையில் வைத்துத் தைத்தார்கள். நரம்பு வளர்ந்து அதை எட்டினால்தான் கை மடங்கும் என்றார்கள்.

“தொடைச் சதைக்குக் கைவேலை எப்படிடி தெரியும்?” என்று அம்மா கலங்கினாள்.

“அத்தன பேரு அமுக்கினப்பவும் என்னைக் கோடு வரைக்கும் இழுத்துட்டு வந்த சதைம்மா. கத்துக்கும்.”

தினமும் ‘மடங்கு’ என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாதக்கணக்கில் அசைவே இல்லை. மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் தோலுக்கடியில் ஏதோ துடித்தது. பிறகு முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. இன்று விரல்கள் மோவாயைத் தொட்டுவிட்டன.

களமிறங்கும்போது தொடையைத் தட்டுவதுபோல, புடைத்து நின்ற வலக்கைச் சதையை இடக்கையால் ஓங்கித் தட்டினாள்.

“மெதுவாடி!” என்று அம்மா பதறினாள்.

செங்கமலம் மறுபடியும் தட்டினாள்.